மொட்டைமாடிச் சொற்கள்

நுஹாவுக்கு நாலு வயது முடிந்தும் ஒரு வார்த்தை வரவில்லை என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அது பொய் என்று அவள் அம்மா இஜ்ஜாவுக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் சொல்ல வழியில்லாமல் மென்று முழுங்கிக்கொண்டிருந்தாள்.

இஜ்ஜா தெற்கே சூஸ் பக்கத்து மலைக்காரி. அங்கிருந்து காசாபிளாங்காவுக்கு வாக்கப்பட்டு வந்தவள். பிறந்த வீட்டுப் பேச்சு செல்ஹா, புகுந்த வீட்டில் அரபி. சந்தையில் பேரம் பேசவும் மாமியாருக்குப் பதில் சொல்லவும் போதுமான அரபி அவளிடம் இருந்தது. ஒரு குழந்தையைக் கொஞ்ச அது போதாது. புருஷன் மிலூத் டாக்சி ஓட்டுகிறவன். நல்லவன்தான். அந்த நல்லதனம் அம்மாவின் குரல் கேட்டதும் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான்.

நுஹாவுக்குப் பேச்சு வரவில்லை என்றதும் மாமியார் பத்தூல், மரியாதைக்கு லல்லா பத்தூல், முதலில் பள்ளிவாசல் சாவியை வாங்கிவந்தாள். பேத்தியின் வாய்க்குள் வைத்துப் பூட்டைத் திறப்பதுபோல் திருப்பினாள். இரும்பு ருசிக்குக் குழந்தை முகம் சுளித்தது, வேறொன்றும் நடக்கவில்லை. அடுத்து குழந்தை டாக்டர். வாசலில் கூட்டம் நெரிய, அவர் தலை நிமிராமலே கேட்டார்.

"வீட்டுல எத்தனை பாஷை? ரெண்டா? அதான் குழம்பிப்போயிருக்கா. ஒண்ணோட நிறுத்துங்க."

போகிற போக்கில் சொன்ன அந்த ஒரு வரி வீட்டில் சட்டமாகிவிட்டது.

"கேட்டியா? உன் மலைப்பேச்சுதான் புள்ள நாக்கைக் கட்டிப் போட்டிருக்கு. இனிமே இந்த வீட்டுக்குள்ள அதுல ஒரு வார்த்தை என் காதுல விழக் கூடாது" என்றாள் லல்லா பத்தூல்.

நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் இருக்கிற வீடு அது. ஒரு மூலையில் இருமினால் இன்னொரு மூலையில் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். இஜ்ஜா எங்கே போய்ப் பேசுவாள்? ரொட்டியைத் தூக்கிக் காட்டி, "இது என்ன? ரொட்டி. சொல்லு, ரொட்டி" என்று அரபியில் பாடம் ஒப்பிப்பாள். நுஹா சுவரைப் பார்ப்பாள். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. பெற்ற பெண்ணிடம் பேச ஒன்றுமில்லாமல் தலைவாரிவிட்டாள், சோறூட்டினாள், தூங்கவைத்தாள். இப்போது வீட்டில் ஊமை இரண்டு பேர்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி சொல்லித்தான், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற கிஸ்லானிடம் மிலூத் நேரம் வாங்கினான். கிஸ்லானின் அறை மாடியில் இருந்தது. கூடவே கிளம்பிவந்த மாமியாருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை, கீழேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த முழங்கால் வலிக்கு இஜ்ஜா இன்றைக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறாள்.

காது சரியாகக் கேட்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, கிஸ்லான் சில பொம்மைகளைக் கீழே பரப்பினாள். "ரெண்டு பேரும் விளையாடுங்க, நான் பாக்கறேன்" என்றாள். இஜ்ஜா ஒரு ஆட்டுக்குட்டியை எடுத்து, "இது என்ன? சொல்லு" என்றாள். நுஹா திரும்பிக்கொண்டாள்.

"இவளை எந்த பாஷையில திட்டுவீங்க?" என்று கேட்டாள் கிஸ்லான்.

"திட்டறதில்லைங்க."

"சரி. அடுப்புல கொதிக்கிற கெட்டில்கிட்ட கையைக் கொண்டுபோறா. உங்க வாயில என்ன வரும்?"

இஜ்ஜா படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, செல்ஹாவில் மெல்லச் சொன்னாள்.

"அதுலயே பேசுங்க. ரெண்டு பாஷை கேட்டதால யாரும் ஊமையாகறதில்ல. இவளுக்குப் பேச்சு வரக் கொஞ்சம் கூடுதல் நாள் வேணும், காதுல கூடுதல் பேச்சு விழணும். நீங்க உள்ளதையும் நிறுத்திட்டீங்க. சொல்லு சொல்லுன்னு பிடுங்காதீங்க. நீங்க சொல்லிட்டு அவளுக்காகக் காத்திருங்க. வீட்டுல மத்தவங்க அரபியில பேசட்டும், அதுவும் வேண்டியதுதான்."

கீழே மாமியார் கேட்டாள். "என்ன சொன்னா?"

"திரும்ப வரச் சொன்னாங்க, லல்லா."

மிலூத்திடம் மட்டும் முழுதும் சொன்னாள். அவன் பிடரியைச் சொறிந்தான். "இப்போதைக்கு அம்மா காதுக்குப் போக வேணாம். நீ ஓசைப்படாம செய்."

ஓசைப்படாமல் பேச்சு சொல்லிக்கொடு என்கிறான். இதற்கு அவன் வாயையே திறக்காமல் இருந்திருக்கலாம்.

மாமியாரின் முழங்கால் ஏறாத இடம் மொட்டைமாடி. துணி துவைக்கிற சாக்கில் இஜ்ஜா நுஹாவை அங்கே தூக்கிப்போனாள். வாளியிலிருந்து தண்ணீரைச் சரித்து, "அமான்" என்பாள். அவள் ஊரில் தண்ணீருக்கு அதுதான் பேர். சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் ஒளிந்துகொண்டு கூப்பிடுவாள். அம்மா இவ்வளவு பேசுவாள் என்று அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் தெரிந்தது. வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். கோடையில் ஒருநாள், வாளி காலியானதும் நுஹா அதற்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "அமான்" என்றாள். இஜ்ஜா துவைத்த விரிப்பின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். அடுத்து ரொட்டி வந்தது, பூனை வந்தது. "இம்மி" என்று அம்மாவைக் கூப்பிடுவதும் வந்தது.

படியிறங்கும்போது இஜ்ஜா உதட்டில் விரலை வைத்துக் காட்டுவாள். நுஹாவும் தன் உதட்டில் விரலை வைப்பாள். பேச்சைவிட இதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். கடைசிப் படி தாண்டினால் அவளிடமிருந்து மூச்சு வராது.

இந்த நேரத்தில்தான் மாமியார் முடிவுக்கு வந்தாள். கெனித்ராவில் இருக்கிற மகள் சாதியாவுக்குக் குழந்தை இல்லை. "பெருநாள் முடிஞ்சதும் அவ கூட்டிட்டுப் போகட்டும். கலப்படம் இல்லாத வீடு. அங்க வளர்ந்தாத்தான் வாய் திறப்பா." வாய் திறக்கவில்லை என்றால் குழந்தை போய்விடும். திறந்துவிட்டது என்றால், எந்த பாஷையில், யாருக்குத் தெரியாமல் என்ற கேள்வி வரும். பெரியவர்கள் பேச்சை மீறித் திருட்டுத்தனம் செய்தவள் கையில் பிள்ளையை விடுவார்களா? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

"ஒரு வருஷம்தானே, இஜ்ஜா" என்றான் மிலூத்.

"உன் வாய்க்கு அந்தச் சாவியை வச்சுத் திருப்பியிருக்கணும்" என்றாள் அவள்.

பெருநாள் போன அடுத்த வெள்ளிக்கிழமை சாதியா வந்தாள். நுஹாவின் துணிகள் ஒரு பையில் வாசலோரம் தயாராக இருந்தன. தொழுகை முடிந்து எல்லோரும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி, காய்கறியும் கடலையும் போட்ட ரவைச் சோறான குஸ்குஸ் சாப்பிட உட்கார்ந்தார்கள். கொண்டைக்கடலை ஒன்று சிக்கி நுஹாவுக்கு விக்கியது.

"என்ன வேணும் கண்ணு? கையைக் காட்டு, அத்தை எடுத்துத் தரேன்" என்றாள் சாதியா.

கையைக் காட்டினால் போதும் என்று எல்லோரும் எடுத்துக்கொடுத்தே பழகிவிட்டார்கள். கெனித்ராவிலும் அதுதான் நடக்கும் என்று இஜ்ஜாவுக்குப் பளிச்சென்று தெரிந்தது. அதற்குமேல் அவளால் யோசிக்க முடியவில்லை. தன் பேச்சில், முற்றம் முழுக்கக் கேட்கிறமாதிரி, "அமான் வேணுமா நுஹா?" என்று கேட்டாள்.

நுஹா மிரண்டுபோனாள். பாட்டியைப் பார்த்தாள். பிறகு எட்டி, குஸ்குஸ் ஒட்டிய கையால் அம்மாவின் வாயை இறுக்கிப் பொத்தினாள்.

இதைத்தானா பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தோம்? இஜ்ஜா அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டு மறுபடி கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"அமான்" என்றது குழந்தை, காற்றுப்போல. "இம்மி, அமான்."

லல்லா பத்தூலின் கை தானாகக் கூஜாவை எடுத்திருந்தது. வாழ்நாளெல்லாம் செல்ஹா பேசுகிற சூஸ்காரன் மளிகைக்கடையில் சாமான் வாங்கியவள், அந்தச் சொல் அவளுக்கு எப்படித் தெரியாமல் போகும்? தண்ணீரை ஊற்றிக்கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தனை நாளாப் பேசறா?"

"கோடையிலேர்ந்து. மாடியில."

"யாருக்குப் பயந்து மாடியில?"

இஜ்ஜா மிலூத்தைப் பார்த்தாள். அவன் பூசணித் துண்டைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"உங்களுக்குத்தான், லல்லா."

மன்னிப்புக் கேட்கிற வழக்கம் கிழவிக்கு இல்லை, அன்றைக்கும் கேட்கவில்லை. "சாதியா, அந்தப் பையை உள்ள கொண்டுபோய்ப் பிரி" என்று மட்டும் சொன்னாள். சாதியா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

நுஹா தண்ணீரைக் குடித்து முடித்தாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, நான் சரியாகச் செய்கிறேனா என்று அம்மாவைப் பார்த்தாள். இஜ்ஜா அந்த விரலை எடுத்துவிட்டாள். அவள் மறுபடி வைத்துக்கொண்டாள்.