செஞ்சிக்குப் பதினோரு சைக்கிள்

காணை கிராமத்து அங்கன்வாடியில் டீச்சராக இருந்த அம்சாவுக்கு ஊர் சுற்றுவதென்றால் சோறு தண்ணீர் வேண்டாம். தொண்ணூற்று மூன்றில் எழுதப்படிக்கச் சொல்லித்தர அறிவொளி இயக்கக்காரர்கள் வந்தபோது சைக்கிள் கற்றுக்கொண்டவள். மகளிர் குழு தொடங்கியதும், காணும் பொங்கலுக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு எங்காவது போய்வருவது அவள் பொறுப்பாயிற்று.

இரண்டாயிரத்து மூன்றில் வேன் வைத்துச் செஞ்சிக் கோட்டைக்குப் போனார்கள். புளிச்சோற்றைத் தின்றுவிட்டு, பிளாஸ்டிக் கவர்களை எல்லோரையும் போலப் படியோரத்தில் வீசினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு குரங்குக்குட்டி கவர் ஒன்றுக்குள் தலையை விட்டுக்கொண்டது. எடுக்கத் தெரியாமல் பாறைமேல் உருண்டது. தாய்க்குரங்கு பாய்ந்து வந்து கிழித்தபிறகுதான் அதற்கு மூச்சு வந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். அம்சாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கவரில் ஒட்டியிருந்தது அவள் கிண்டிய புளிச்சோறு.

அந்த வருஷம் கார்த்திகையில் குழு கூடியபோது சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவ வேன் வேணாம். அதே செஞ்சிக்கு சைக்கிள்ல போலாம். சோத்தத் தூக்குல எடுத்துக்கினு போவோம். நாம கொண்டுபோற எதுவும் அங்க தங்கக்கூடாது."

குழுவிலிருந்த கிருஷ்ணவேணி எழுந்து நின்றாள். நாற்பத்தெட்டு வயது, கரும்பு வெட்டில் ஆண்களுக்கு ஈடு கொடுப்பவள், சைக்கிளைத் தொட்டதேயில்லை. "எனக்கு ஓட்டவே தெரியாதே டீச்சர், நான் இன்னா பண்றது?"

"கத்துக்கோங்க அக்கா. பொங்கலுக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்குது."

நெல் அடிக்கும் களத்தில் பாடம் தொடங்கியது. முதல் நாளே கிருஷ்ணவேணி வைக்கோல் போரில் போய் விழுந்தாள். அவள் கணவர் வேங்கடேசன் தலையில் அடித்துக்கொண்டார். "இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?"

"கேரியரப் புடிச்சிக்கினு ஓடியாறதா இருந்தா வாங்க. இல்லன்னா நவுருங்க."

அவர் பிடித்துக்கொண்டு ஓடினார். மூன்று வாரம் ஓடினார். ஒருநாள் சொல்லாமல் கையை விட்டுவிட்டார். களத்தைப் பாதி சுற்றி வந்தவள், எதிரே இடுப்பில் கைவைத்து நின்ற புருஷனைப் பார்த்து, "ஐயோ, பின்னால யாரு?" என்று அலறினாள். அலறிக்கொண்டே இன்னொரு சுற்றும் வந்துவிட்டாள்.

காணும் பொங்கலன்று விடியலில் பதினோரு சைக்கிள்கள் கிளம்பின. அனந்தபுரம் கடைத்தெருவில் டீ குடித்தவர்கள் டம்ளரோடு வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். கோட்டையில் குரங்கு ஒன்று தூக்கைப் பறித்துக்கொண்டு ஓடியது. கவராக இருந்தால் கிழித்திருக்கும். தூக்கின் மூடியைத் திறக்க முடியாமல் கோபத்தில் உருட்டிவிட்டது. தயிர்ச்சோறு ஒரு பருக்கை சிந்தாமல் அம்சாவின் காலடிக்கே வந்து சேர்ந்தது. மந்தார இலையில் சாப்பிட்டு, இலைகளைச் சாக்கில் போட்டார்கள். சாக்கில் இடமிருக்கிறதே என்று படிகளில் கிடந்த கவர்களையும் பொறுக்கினார்கள்.

வேனில் வந்த ஓர் அம்மா, "நீங்கள்லாம் எந்த ஆபீசுலேர்ந்து வந்துக்கிறீங்க?" என்று கேட்டார்.

"ஆபீசா? நாங்க ஊர் சுத்த வந்தவங்கம்மா," என்றாள் கிருஷ்ணவேணி. அந்த அம்மா தன் பிள்ளைகள் வீசிய கவர்களைத் தானே எடுத்து வந்து சாக்கில் போட்டார்.

பொழுது சாய ஊர் திரும்பினார்கள். சைக்கிளை விட்டு இறங்குமுன்பே கேட்டார்கள்: "அடுத்த வருஷம் எங்க டீச்சர்?"

அதன்பிறகு ஒரு வருஷமும் தவறவில்லை. தூரம் அதிகமென்றால் பஸ், இல்லையென்றால் சைக்கிள். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் ஓர் இரவு தங்கிவருவதாக இரும்பை என்ற ஊரின் கோயிலுக்குச் சைக்கிளிலேயே புறப்பட்டபோது இருபத்தாறு பேர். எல்லோருக்கும் முன்னால் பறந்தவள் கிருஷ்ணவேணி. முழங்கால் வலியோடு பின்னால் வந்த அம்சா, "அக்கா, மெதுவா போங்க, நாங்கள்லாம் வர வேணாமா?" என்று கத்திக்கொண்டே, சிரிப்பை அடக்க முடியாமல் பெடலை மிதித்தாள்.