பிறிஜெற் வேலை தேடிப் போன கதை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறிஜெற்றின் இடியப்பத்தைச் சாப்பிட்டவர்கள் ஏராளம், அவள் கையால் பிழிந்தது அது என்று தெரிந்தவர்கள்தான் இல்லை. பின்னேரங்களில் அவள் அவித்துக் கொடுப்பதை இரண்டு சாப்பாட்டுக் கடைகள் தங்கள் இடியப்பம் என்று விற்றன. புருஷன் சிறில் துறைமுகப் பக்கத்து ஸ்டோரில் மூட்டை தூக்கியவன். வாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்துவிட்டான், குடும்பம் இவள் தலையில் வந்து விடிந்தது.

இடியப்ப உரலை அமத்தி அமத்தி அவளுடைய வலத் தோள் இரவெல்லாம் குத்தும். காஸ் விலை ஏறினால் கடைக்காரர் உச்சுக் கொட்டுவார், இடியப்பத்துக்கு மட்டும் ஒரு ரூபாய் கூட்டமாட்டார். அவள் ஆசைப்பட்டது ஒன்றுக்குத்தான்: மாதம் முடிந்தால் சம்பளம் தரும் ஒரு வேலை. காய்ச்சலில் படுத்தாலும் வீட்டில் சோறு இருக்கவேண்டும். அதென்ன பெரிய ஆசையா, சொல்லுங்கள்!

அப்படியிருக்கும்போதுதான் தெஹிவளையிலிருந்து நிம்றா என்ற பிள்ளை கையில் தொடுதிரை டெப்புடன் வந்து வாசலில் நின்றாள். எந்த நாட்டில் எத்தனை பேர் சொந்தத் தொழில் செய்கிறார்கள், எந்த நாட்டாருக்குத் துணிவு கூட என்று அளந்து ஒப்பிடுகிற ஒரு கணக்கெடுப்பாம். உலகத்தில் அளக்கிறதுக்கு வேறொன்றும் மிச்சமில்லை போல.

"சொந்தமா பிஸ்னஸ் ஏதும் செய்றீங்களா அன்ட்டி?"

"பிஸ்னஸா? ஐயோ மகள், எங்களுக்கு எங்கால பிஸ்னஸ்? சும்மா இடியப்பம் அவிச்சுக் குடுக்கிறன்."

"அதுதான் அன்ட்டி பிஸ்னஸ்" என்று சிரித்துக்கொண்டே டெப்பில் தட்டினாள் நிம்றா. "தோத்துப்போயிடுவம் எண்ட பயம் இருக்கா?"

"தோக்கிறதுக்கு எங்களிட்ட என்ன மகள் கிடக்கு?"

அந்த விரக்தி டெப்பில் 'பயமில்லை' என்று ஏறியது. பிறிஜெற்றுக்கு அது தெரியாது. அவள் தன் பாட்டில், "எங்கயாவது குசினியில சமைக்கிற வேலை இருந்தாச் சொல்லுங்கோ மகள், மாசச் சம்பளத்துக்கு" என்றாள். அடையாள அட்டை இலக்கத்தையும் ஃபோன் நம்பரையும் வாங்கிக்கொண்ட நிம்றா, "பாப்பம் அன்ட்டி" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போனாள்.

சில மாதம் கழித்து ஃபோன் வந்தது. கடற்கரையோரத்துப் பெரிய ஹோட்டலுக்குக் காலையில் வரவேண்டுமாம், ஏற்றிப்போக வான் வண்டி அனுப்புவார்களாம். ஒழுங்கைச் சனம் முழுக்கக் கூடிவிட்டது. வாசலில் வந்து விபரம் கேட்பதும், அடையாள அட்டை இலக்கம் எழுதுவதும், பிறகு ஃபோனில் கூப்பிடுவதும் வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்சிக்காரர் செய்கிற வேலை. அங்கே எல்லாருக்கும் அது அத்துப்படி. ஹோட்டல் என்றால் குசினி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? படுத்திருந்த சிறிலே வாய் கோணச் சிரித்தான்.

ஒழுங்கையில் ஒரு வழக்கம் உண்டு. கடைக்குக் கொடுப்பதை நிறுத்துகிறவள் தன் இடத்தில் இன்னொருத்தியைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் விலகவேண்டும். விட்ட பிறகு திரும்பக் கேட்கக்கூடாது. பிறிஜெற், புருஷன் கைவிட்டுப் போன ரமணியைக் கூட்டிக்கொண்டுபோய் இரண்டு கடையிலும் விட்டாள். உரலையும் தட்டுகளையும் அவளிடமே கொடுத்தாள். பிறகு மாதா கோயிலில் சுவாமியாரிடம் கடிதமும் கிராம சேவகரிடம் நற்சான்றும் வாங்கி, ஃபைலில் வைத்துக்கொண்டு வானில் ஏறினாள்.

குளிரூட்டிய மண்டபம். திரையில் அந்தக் கணக்கெடுப்பின் முடிவு, நாடு நாடாகக் கோடுகள். இலங்கையின் கோடு நெடுநெடுவென்று உயர்ந்து நின்றது. வேலை கிடைக்காமல் அவிப்பவர், பொரிப்பவர், தள்ளுவண்டி தள்ளுபவர் எல்லாரும் சேர்ந்து தூக்கிப் பிடித்த கோடு அது. மேடையிலிருந்தவர்களுக்கு அதைப் பார்த்து என்ன பெருமை! பிறிஜெற்றை மேலே கூப்பிட்டார்கள். துணிச்சலான தொழில்முனைவர் என்று சொல்லி ஒரு கண்ணாடி விருதைக் கையில் திணித்தார்கள். அவள் விருதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோட் போட்ட பெரியவரிடம் ஃபைலை இரண்டு கையாலும் நீட்டினாள்.

அவர் கடிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மைக்கில் இங்கிலிஷில் ஏதோ சொன்னார். மண்டபமே சிரித்துக் கைதட்டியது.

மொழிபெயர்க்கப் பக்கத்தில் வந்து நின்ற நிம்றாவின் முகம் செத்துப்போயிருந்தது. "அன்ட்டி... உங்களுக்கு எதுக்கு வேலை, நீங்கதான் நாலு பேருக்கு வேலை குடுக்கப்போற ஆள் எண்டு சொல்றார்."

"அப்ப குசினி?"

நிம்றா பெரியவரிடமிருந்து ஃபைலை வாங்கி அவளிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறிஜெற் அத்தனை பேருக்கு முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வான் வீட்டு வாசலில் இறக்கியது. "எப்ப... வரச் சொன்னவங்கள்?" என்று உள்ளேயிருந்து சிறில் குழறினான். அவள் உள்ளே ஏறாமல் நேரே ரமணி வீட்டுக்குப் போனாள்.

ரமணி பிழிந்துகொண்டிருந்தாள். விருதைப் பார்த்ததும், "அட, வேலை சரியா அக்கா?" என்று எழும்பினாள். பிறிஜெற் இல்லையென்று தலையாட்டினாள். ரமணியின் கை தன்பாட்டில் உரலைப் பற்றிக்கொண்டது.

"பாதிப் பாதியாச் செய்வமா ரமணி?"

"ரெண்டு கடைதானே அக்கா, பிரிச்சா ரெண்டு பேருக்கும் காணாது. இப்பதான் பிள்ளைய டியூஷனுக்கு விட்டனான்."

அது உண்மைதான். பிறிஜெற்றுக்கே அந்தக் கணக்கு மனப்பாடம். அவள் தரையில் உட்கார்ந்து, மா உருண்டையை எடுத்துக் கையில் உருட்டத் தொடங்கினாள். ரமணியும் தடுக்கவில்லை. அவள் உருட்டிக் கொடுக்கக் கொடுக்க ரமணி பிழிந்தாள். தட்டுகள் நிறைந்தன, அவிந்தன, கடைக்காரப் பையன் வந்து ஏற்றிக்கொண்டு போனான்.

ரமணி ஒரு பார்சல் இடியப்பத்தைப் பேப்பரில் சுற்றி அவள் மடியில் வைத்தாள். "சிறில் அண்ணைக்குக் குடுங்கோ" என்றவள், முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு வராதேங்கோ அக்கா. என்னால சம்பளம் குடுக்கேலாது" என்றாள்.