வியாழக்கிழமைகளில் ஓடிய சின்ன மனிதன்

போன மாதம், இத்தாலியில் எங்கள் நகரத்தின் கால்சாப் பகுதியில் ஹோட்டல் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தபோது, கைபேசியில் ஒரு விளம்பரம். சிறுவயதில் நான் விளையாடிய கேமைப் புதிதாகச் செய்து விற்கிறார்களாம். லாந்தரோடு பள்ளம் பள்ளமாகப் பாயும் அதே சின்ன மனிதன். முன்பு சாம்பல் நிறத்தில் எறும்பளவு இருந்தான். இப்போது அவனுக்குக் கண்ணிமைகூட இருக்கிறது. பழைய 'கீக் கீக்' இசையை ஒரு வயலின் கூட்டமே வாசிக்கிறது. வாங்கிவிட்டேன். இந்த வயதில் கொஞ்சம் வெட்கம்தான்.

அந்த இசையைக் கேட்டதும் மூக்கில் வந்தது நோவெண்ணெய் வாசம். அப்பாவின் கைகள் அப்படித்தான் மணக்கும். தனியாக இருந்த ஒரு இத்தாலியக் கிழவரின் வீட்டில் தங்கி வேலை செய்தார். அவருடைய முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதும் அப்பாதான். இங்கே வீட்டோடு நிற்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு. எனக்கு அப்பா என்றால் அந்த இரண்டு நாள்களும் வருகிறவர். கிழவரின் பேரன் வேண்டாமென்று விட்ட கேம் பெட்டியை ஒருநாள் கொண்டுவந்தார். திரையில் ஆங்கில எழுத்து வந்ததால் அதையும் படிப்பு என்று நம்பினார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான்; அந்த நம்பிக்கையை நான் ஏன் கெடுப்பேன்?

அந்தக் கேமில் விட்ட இடத்தைச் சேமிக்க வழியில்லை. அணைத்தால் முதலிலிருந்துதான். பெட்டியின் பற்றறியும் எப்போதோ செத்துவிட்டது. அதனால் வியாழன் பின்னேரம் ஆறரைக்கு அப்பா திரும்பிப் போக எழும்பும்போது, ஆட்டத்தை நிறுத்தி, வயரோடு ஞாயிறுவரை அப்படியே எரியவிடுவோம். ஒருமுறை அவன் பள்ளத்துக்கு மேல் பாய்ந்த நொடியில் நிறுத்திவிட்டேன். சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த அப்பா எட்டிப் பார்த்தார்.

"டேய், ஞாயிறு வரைக்கும் அவன் அந்தரத்திலையே நிக்கிறது? பாவமடா, நிலத்திலை விட்டிட்டு நிப்பாட்டு."

"அவனுக்குக் கால் நோகாதப்பா."

"உனக்கென்ன தெரியும், நீ இருந்து படிக்கிறவன்."

கடைசியில் ஒரு பெரிய கதவு இருக்கிறது. அதற்கு அப்பால் என்ன என்று இரண்டு பேரும் வாரக்கணக்காகக் கதைத்தோம். கிணறு என்றார் அப்பா. பூதம் என்றேன் நான். ஒரு வியாழன் கதவடிக்கே வந்துவிட்டோம். ஆனால் நேரமாகிவிட்டது, கிழவர் சூப்புக்குக் காத்திருப்பார்.

"என்னை விட்டிட்டுப் போயிடாதை. ஞாயிறு சேந்து போவம்" என்று சொல்லிவிட்டு அப்பா படியிறங்கினார்.

சனிக்கிழமை, உடுப்புத் தோய்க்கும் மெசின் ஓடிக்கொண்டிருக்க அம்மா அயன் பெட்டியையும் போட்டுவிட்டார். அல்பெர்கேரியாப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவ்வளவு கரண்ட் தாங்காது. மீட்டர் விழுந்து கரண்ட் நின்றது. திரையும் கறுத்தது.

"திருப்பி விளையாடலாம்தானே, இதுக்குப் போய் அழுறியே?" என்றார் அம்மா.

ஞாயிறு பூசை முடிந்து வந்த அப்பா வெறும் திரையைப் பார்த்தபடி நின்றார்.

"செத்துப்போனான் அப்பா."

"சாகேல்லை. வேற வீட்டிலை வேலைக்குச் சேந்திருக்கிறான். இனி முதல்லையிருந்து எல்லாம் காட்டோணும்." என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு நாங்கள் கதவடிவரை வந்ததேயில்லை. கிழவர் காலமானார். அப்பா மணித்தியால வேலைக்கு மாறினார். காலையில் ஒரு வீடு, பின்னேரம் இன்னொன்று. இப்போது தினமும் வீட்டுக்கு வருகிறார், சாப்பிடுகிறார், படுக்கிறார். எனக்கும் ஓய்வு நாள் வாரத்துக்கு வாரம் மாறுகிறது.

புதிய கேம் எல்லாவற்றையும் தானே சேமித்துக்கொள்கிறது. வயர் வேண்டாம், மீட்டர் பயமில்லை. சில மாலைகளிலேயே கதவடிக்கு வந்துவிட்டேன். உள்ளே போகவில்லை.

"அப்பா, வந்திட்டம். வாங்கோ."

சோற்றுக் கோப்பையோடு வந்து பார்த்தார். "வடிவாத்தான் இருக்கிறான்." பிறகு கொட்டாவி. "அது அங்கை நிக்கும்தானே தம்பி? பேந்து பாப்பம்."

"ஓம், நிக்கும்" என்றேன்.

உண்மைதான், எவ்வளவு காலமென்றாலும் நிற்கும். பழைய பெட்டிக்கு அப்படி நிற்கத் தெரியாது. அதனால்தான் அந்த ஞாயிறுகளில் அப்பா இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறி வருவார். அந்தக் காலடிச் சத்தம் இப்போது எங்கள் படிக்கட்டில் கேட்பதில்லை.