டிக்கிக்குள் தெரிந்த வெளிச்சம்

எங்கள் காருக்குள் நாற்றம் அடிக்க ஆரம்பித்தபோது நான் முதலில் பழி போட்டது என் மனைவி வீட்டு மீனின் மேல்தான்.

அவள் கனகசெட்டிக்குளத்துக்காரி. அவளுடைய அண்ணனுக்கு அங்கே சொந்தப் படகு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் உப்பளத்திலிருந்து நானும் அவளும் எங்கள் நாலு வயது மகளும் அங்கே போவோம். திரும்பும்போது அண்ணன் ஒரு தெர்மாகோல் பெட்டி நிறைய மீனும் ஐஸும் போட்டு டிக்கியில் ஏற்றிவிடுவார். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் சங்கராவோடு வஞ்சிரமும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பழைய காரை வாங்கியதிலிருந்து மூன்று வருடமாக இதுதான் வழக்கம். நான் நெல் விளைகிற ஊரில் பிறந்தவன். மீனைச் சாப்பிடப் பிடிக்கும், மீனோடு பயணம் போகப் பிடிக்காது.

டிக்கியைத் தேய்த்துக் கழுவினேன். எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்தேன். மல்லிகை சென்ட் வாங்கி முன்னால் தொங்கவிட்டேன். அதன் பிறகு மல்லிகையே எனக்குக் குமட்ட ஆரம்பித்தது. பின் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினேன், அப்போதும் போகவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருநாள், "உங்க அண்ணன் விக்காத மீனத்தான் நம்ம தலையில கட்டுறாரு" என்று சொல்லிவிட்டேன்.

"மீன் நாத்தம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? இது மீனு இல்ல, பொக" என்றாள். அதோடு விடவில்லை. அண்ணன் கொடுத்த பெட்டியை மூன்று ஞாயிறு தொடர்ந்து அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். மூன்று ஞாயிறும் நாற்றம் அப்படியே இருந்தது. மூன்றாவது ஞாயிறு வீட்டு வாசலில் இறங்கியதும் எங்கள் மகள் வாந்தி எடுத்தாள். தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நாளாகவே கார் கிளம்பினால் பின் சீட்டில் தூங்கிவிடுவாள், போய்ச் சேர்ந்தபின் நாங்கள்தான் எழுப்ப வேண்டும். எவ்வளவு சமத்து என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் அவளை நடத்தியே பள்ளிக்கு அழைத்துப்போய் விட்டோம். பிறகு நானும் மனைவியும் அடுத்த தெரு மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனோம். கனத்த உடம்புக்காரர், அதிகம் பேசமாட்டார். எஞ்சினை ஓடவிட்டு, ஈரத் துணியைச் சுருட்டிப் புகைக்குழாயின் வாயில் வைத்து அழுத்தினார். காரின் அடியிலிருந்து புஸ்ஸென்று சத்தம் வந்தது.

"சைலன்சர் ஜாயிண்ட் போயிடுச்சு. உப்புக் காத்து தின்னுடுச்சு" என்றார். "பொக அடியில வருது, சரி. உள்ள எப்படி வருது? ஜன்னலத் தொறந்தா கொறையுதா, ஜாஸ்தியாவுதா?"

யோசித்துப் பார்த்தேன். ஜாஸ்திதான் ஆகியிருந்தது. கண்ணாடியை இறக்கினால் ஓட்டத்தில் உள்ளேயிருக்கிற காற்று வெளியே போகும், அந்த இடத்துக்குப் பின்பக்கத்துப் புகை ஏறி வரும் என்று அவர் சொன்னார். நான் செய்த வைத்தியம் அது.

"பின்னாடி யாரு உக்காருவாங்க?"

"பாப்பா" என்றாள் என் மனைவி.

அவர் கையை உள்ளே விட்டு எஞ்சினை நிறுத்தினார். டிக்கியில் போட்டிருந்த ரப்பர் விரிப்பை உருவி வெளியே போட்டார். "என்னால இதுல நொழைய முடியாது சார். நீங்க ஒல்லி, ஏறிப் படுங்க. மூடுறேன், எங்கியாவது வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க."

உச்சி வெயில் நேரம். முழங்காலை மடக்கிப் படுத்தேன். "எங்க வீட்டு மீனத் திட்டினீங்க இல்ல, அது படுத்த எடத்துல படுங்க" என்று என் மனைவிதான் மூடியை அறைந்து மூடினாள்.

முதலில் ஒரே இருட்டு. பிறகு கண் பழகியது. என் முகத்துக்குக் கீழே, தரைத் தகட்டில், பொடிப்பொடியாக வெளிச்சம். பத்து, இருபது, எண்ண முடியவில்லை. மீன் பெட்டியிலிருந்து மூன்று வருடம் ஒழுகிய உப்புத் தண்ணீர் அரித்த ஓட்டைகள். தெருவில் பட்டுத் திரும்பிய வெயில் அவற்றின் வழியாக மேலே வந்து என் கையில் விழுந்தது. இத்தனை அழகாக ஒன்றை நான் பார்த்ததில்லை. அதற்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தள்ளி, என் மகள் தலை வைத்துத் தூங்கும் சீட்டின் முதுகு. அழகைப் பார்த்த அதே கண்ணால் அதையும் பார்த்தேன்.

வெளியே வந்து சொன்னபோது மெக்கானிக் தலையாட்டினார். "வெளிச்சம் வர்ற வழியிலதான் பொகையும் வருது. பொகையில ஆள முடிக்கிற கேஸு ஒண்ணு இருக்கு, அதுக்கு வாசனையே கெடையாது சார். கூட இந்த நாத்தம் வந்துச்சே, அதுக்கு ஒரு கும்பிடு போடுங்க. மொதல்ல பாப்பாவ டாக்டர்கிட்ட காட்டுங்க."

நான் எலுமிச்சம்பழமும் மல்லிகையும் வைத்து விரட்டப் பார்த்தது அந்த நாற்றத்தைத்தான். அண்ணனைப் பற்றிச் சொன்னதற்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். என் மனைவி மகளின் பள்ளி இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே டாக்டர் மகளைப் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்றார். தகட்டை வெட்டி எடுத்துப் புதிதாக வைத்து வெல்டிங் அடித்து, சைலன்சரையும் டிக்கியின் ரப்பரையும் மாற்ற நாலு நாள் ஆனது. மூடியை மூடி நான் மறுபடி உள்ளே படுத்துப் பார்த்தேன். முழு இருட்டு. அப்படி ஒரு நிம்மதியை எந்தக் கோயிலிலும் நான் உணர்ந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். மகள் மறுபடி தூங்கிவிடுவாளோ என்று எங்கள் இருவருக்கும் பயமாக இருந்தது. முத்தியால்பேட்டை தாண்டியது. பின்னால் சத்தமே இல்லை. காலாப்பட்டு வந்தபோது கண்ணாடியில் பார்த்தேன். எங்கள் மகள் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்கள் அகலமாகத் திறந்திருந்தன.

"அப்பா, இன்னிக்கு நாம வேற வழியா போறோமா?"

அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று நான் வண்டியை மெதுவாக்கினேன். எப்போதும் போகிற வழிதான் என்று என் மனைவி சொன்னாள்.