நெட்டைக்குக் குடு

எட்டாம் வகுப்பில் படிக்கும்போது என் உயரம் எங்கள் வீட்டில் பெரிய விவகாரமாக இருந்தது. யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்த இடத்தில் தையல்காரர், அடுத்த வருஷத்துக்கும் சேர்த்தே துணி விட்டுத் தைக்கட்டுமா என்று கேட்டார். அன்றோடு அம்மாவின் நிம்மதி போயிற்று. கூடைப்பந்து விளையாடித்தான் நான் இப்படி வளர்கிறேன் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். வளைகுடாவிலிருந்து போனில் பேசும் அப்பாவோ, இந்தப் பேச்சு வந்தால் சிரித்துவிட்டு ஊரில் மழை உண்டா என்று கேட்பார்.

என்னை விளையாட வைத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாறசாலையில் ஃபோட்டோஸ்டாட் கடை வைத்திருந்தார். சாயங்காலமானால் கடையைப் பூட்டிவிட்டு, எங்கள் சபை ஆலயத்துக்குப் பின்னாலிருந்த செம்மண் மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித்தருவார். சொல்லித்தரும்படி யாரும் அவரைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கைப்பேசியில் வெளிநாட்டு ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கென்று ஒரு சித்தாந்தம் உருவாகியிருந்தது. உயரமான பிள்ளையை வளையத்துக்குக் கீழே நிறுத்தி, தவறி விழுகிற பந்தைப் பொறுக்கச் சொல்வது பாவம். ஆட்டமே அவளிடமிருந்து தொடங்க வேண்டும். இதை அவர் போதகரிடம்கூட ஒருநாள் விளக்கினார். போதகர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

அம்மாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

"இனியும் வளந்தா இவளை எவம்லே கெட்டுவான்?"

"ஒரு களி வந்து இவ வெளையாடுகதைப் பாரு அக்கா. பொறவு நீ செல்லுகதை நான் கேக்கேன்."

"வாறேன். எனக்குப் பிடிக்கல்லேன்னா அதோட நிப்பாட்டணும்."

அம்மா சொன்னால் சொன்னதுதான். கூடையில் நிறையப் பந்து போட்டால் அவள் மனம் இளகும் என்று நான் நம்பினேன். ஆட்டத்துக்கு முந்திய இரவு ஜெபத்தில் வேறு எதையும் கேட்கவில்லை.

ஆட்டம் நெய்யாற்றின்கரையில். எதிரணி பாலராமபுரத்துப் பிள்ளைகள். மாமா எங்களைக் கூட்டிவைத்து ரகசியமாகச் சொன்னார்: மலையாளத்தில் கத்தினால் அவர்களுக்குப் புரிந்துவிடும், அதனால் இன்றைக்கு எல்லாம் தமிழில்தான். எங்களுக்கு அவருடைய மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது.

ஆட்டம் தொடங்கியதும் மாமா ஓரத்தில் நின்று, "நெட்டைக்குக் குடு" என்று கத்தினார். நெட்டை என்பது நான்தான். பந்து என் கைக்கு வருவதற்குள் இரண்டு மூன்று பெண்கள் வந்து என்னைச் சுற்றிக்கொண்டார்கள். பந்து போயிற்று. மறுபடியும் கத்தினார், மறுபடியும் போயிற்று. நான் இடப்பக்கம் திரும்பவேண்டும் என்று அவர் சொன்னால், எனக்கு முன்னால் அவர்கள் இடப்பக்கம் போய் நின்றார்கள்.

இடைவேளையில் அம்மா மடக்கிய குடையோடு மைதானத்தைக் கடந்து வந்தாள்.

"எலே, அதுவளுக்கும் வீட்டில தமிழாக்கும். நான் செட்டுமுண்டுத் துணி எடுக்கப் போற தறிக்காரரு மவளும் அதுல உண்டு."

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் எங்களைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினாள். மாமாவின் முகம் விழுந்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சிரிக்கத் தொடங்கினார்.

"அவளுவளுக்குக் கேட்டா நல்லதாக்கும். நான் இனியும் அதையேதான் கத்துவேன். அவளுவ எல்லாம் உன்கிட்ட ஓடி வருவாளுவ. நீ பந்தைத் தூக்கிப் பிடிச்சு, சும்மா நிக்கவளுக்குக் குடு."

"அப்பம் நான் எப்பம் போடுகது?"

"நீ போடாண்டாம் மக்கா. நீ நின்னா மதி."

எனக்கு அழுகை வந்தது. அம்மா வந்திருக்கும் நாளிலா இது? ஆனாலும் போய் நின்றேன். வளையத்துக்குச் சற்றுத் தள்ளி, கையை உயர்த்தி. மாமா தொண்டை கிழியக் கத்தினார். எதிரணி என்மேல் வந்து விழுந்தது. அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் பந்தைப் பிடித்து, ஆளில்லாமல் நிற்பவளைத் தேடிக் கொடுத்தேன். எங்கள் அணியில் அதுவரை ஒரு பந்தும் போட்டறியாத குட்டிப் பெண்கள் எல்லாரும் அன்று போட்டார்கள். நாங்கள் ஜெயித்தோம். மாமாவை இரண்டு பெற்றோர்கள் கைகொடுத்துப் பாராட்டினார்கள். யோசனை முழுக்கத் தன்னுடையது என்பதுபோல அவர் நின்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் நானும் அம்மாவும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு விம்மினேன்.

"ஜெயிச்சாச்சுல்லா, என்னத்துக்குட்டி கரையிய?"

"நான் ஒண்ணுகூட போடல்ல."

வழியில் அமரவிளை தாண்டியபிறகு அம்மா, "பந்து கிட்டினவ எல்லாம் உன்னையாக்கும் முதல்ல பாத்தது" என்றாள். ஆட்டம் தெரியாதவளிடம் என்ன பேசுவது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

வீட்டு வாசலில் மாமா பைக்கை நிறுத்திவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருந்தார். அம்மா குடையை அவர் கையில் கொடுத்துவிட்டு, "அடுத்த களி எப்பம்?" என்று கேட்டாள். நான் அழுததைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான் விட்டாள் என்று பல வருடங்கள் நினைத்திருந்தேன்.

என் கல்யாணத்தைப் பற்றி அவள் பேசியதெல்லாம் வாய்க்கு வந்த பேச்சு. உள்ளே இருந்த பயம் வேறு என்று இப்போதுதான் புரிகிறது. இந்த உயரத்தை வைத்துக்கொண்டு, போகிற இடமெல்லாம் யாருக்கும் வேண்டாதவளாக ஒரு மூலையில் கூனி நிற்பேனோ என்று அவள் பயந்திருக்கிறாள். அன்று அவள் கண்ணெதிரே ஒரு கூட்டம் பெண்பிள்ளைகள், கையில் பந்து வந்ததும் என்னைத் தேடினார்கள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. நானோ பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பந்துகூடப் போடவில்லையே என்று அழுதுகொண்டிருந்தேன்.