ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்ட் வெளிவராது

கிள்ளானில் லோரியிலிருந்து பெட்டி இறக்கும் வேலையில் தொடங்கியவன் நான். பிறகு பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் பிளாஸ்டிக் பாய் விரித்துக் கேசட் விற்றேன். பாயிலிருந்து மடக்கு மேசை, மேசையிலிருந்து ஒட்டுக்கடை, ஒட்டுக்கடையிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் மாடிக்கடை. கேசட் போய் சிடி வந்தபோது நான் மூடவில்லை. சிடி போய் எல்லாரும் போனில் பாட்டுக் கேட்க ஆரம்பித்தபோதும் மூடவில்லை. எங்கள் வரிசையில் மூன்று கடைகள் மூடின. மூன்றின் சரக்கையும் எடுத்தவன் நான்தான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன், ஆங்கில ராக் ரெக்கார்டில் இந்த வட்டாரத்தில் கேட்க வேண்டிய ஆள் என்று பேர் வாங்கியிருக்கிறேன். சிபாரிசு இல்லை, கைதூக்கிவிட ஆள் இல்லை.

இவ்வளவையும் முன்னால் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பங்சாரில் ஒரு கடைச் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. அதில் என் வேலை இருக்கிறது, என் பெயர் இல்லை. நடந்ததை நடந்தபடி இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கும் இதில் பயன் உண்டு.

1. இங்கிலீஷ் எழுத்து தெரியாதவன் அடுக்கிய அலமாரி

எனக்குப் பதினேழு வயது. கிள்ளானில் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, ரெக்கார்ட் இறக்குமதி செய்து வந்தார். துறைமுகத்திலிருந்து பெட்டி வரும், இறக்க வேண்டும். முதல் நாளே அடுக்குகிற ஆள் வரவில்லை. தவுக்கே என்னைப் பார்த்து, "வீரா, நீ அடுக்கு லா. ஏ, பி, சி. ரொம்ப சுலபம்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

ஏ, பி, சி எனக்குச் சுலபம் இல்லை. ஆனால் எண் எனக்கு எந்த மொழியிலும் எண்தான். என்றைக்கு வந்த சரக்கு என்று பெட்டியின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது. அந்தத் தேதியை வைத்து அடுக்கினேன். ஆண்டைப் பார்க்கவில்லை, மாதத்தையும் நாளையும் மட்டும் பார்த்தேன். பழைய சரக்கும் புதிய சரக்கும் ஒரே தேதியில் பக்கம் பக்கமாக உட்கார்ந்தன.

தவுக்கே திரும்பி வந்து பார்த்தார். "இது என்னா? மார்க்கெட்டா? மீன் அடுக்குறியா?" என்று கத்தினார். அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் வந்தார். தம்பிக்குப் பிறந்தநாள், என்ன வாங்குவதென்று தெரியவில்லை என்றார். என்றைக்குப் பிறந்தநாள் என்று நான் கேட்டேன். சொன்னார். அந்தத் தேதியில் இருந்த ரெக்கார்டை எடுத்துக் கொடுத்து, "சார், இது உங்க தம்பி பொறந்த தேதியில வந்தது," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். தவுக்கே காசை எண்ணிப் பெட்டியில் போட்டார். "சரி, அப்படியே வை," என்றார்.

அதுதான் என் முறை. அன்றைக்குப் பிடித்தேன், இன்றைக்கும் விடவில்லை. பிரிக்பீல்ட்ஸ் கடையில் முந்நூற்று அறுபத்தாறு அறை வைத்த அலமாரி இருக்கிறது. பலகை அறுத்து ஆணி அடித்தது நானே. பிப்ரவரி இருபத்தொன்பதுக்கும் ஓர் அறை உண்டு.

2. நோட்டும் காலண்டரும்

ரெக்கார்டின் முதுகில் ஆண்டுதான் போட்டிருப்பான், நாள் போட்டிருக்கமாட்டான். நாளை எங்கே பிடிப்பது? லண்டனிலிருந்து பாட்டுப் பத்திரிகைகள் வரும். அதில் விளம்பரம் இருக்கும். மேலே அட்டைப்படம், கீழே வெளிவரும் தேதி. எனக்கு இந்த இரண்டும் போதும். வெட்டி எடுத்து நோட்டில் ஒட்டினேன். மொத்தம் ஒன்பது நோட்டு. பாடியவன் யார், ரெக்கார்ட் பெயர் என்ன என்பதெல்லாம் எனக்கு வாயில் நுழையாது. அட்டையில் இருக்கும் படத்தை வைத்து நானே பெயர் வைப்பேன். சிவப்புக் கதவு, குடைக்காரன், மூன்று படகு, இப்படி. என் வாடிக்கையாளர்களும் கொஞ்ச நாளில் அப்படியே கேட்கப் பழகிவிட்டார்கள்.

இன்னொன்று காலண்டர். குதிரைப் பந்தய நாள் போட்ட பெரிய காலண்டரை ஆண்டு முடிந்ததும் எல்லாரும் ரெக்கார்ட் சுற்றக் கிழிப்பார்கள். நான் சுருட்டி வைத்தேன். வைத்து வைத்து ஒரு நாள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். காலண்டர் மொத்தமே பதினான்கு விதம்தான். அது மாறி மாறித் திரும்ப வருகிறது. பதினான்கையும் வைத்துக்கொண்டால், நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு தேதி என்ன கிழமை என்றும் சொல்லலாம். இதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

கிழமை எதற்கு? லண்டன் கம்பெனிகள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை ரெக்கார்ட் விடுவார்கள். அமெரிக்காக்காரன் பெரும்பாலும் திங்கள், பின்னால் செவ்வாய். ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்திருக்கும், எவனும் விடமாட்டான். தேதியைக் கிழமையோடு தட்டிப் பார்த்தால் பொய் தெரிந்துவிடும்.

3. ஷாலினி கொண்டுவந்த பட்டியல்

போன ஆண்டு ஷாலினி என்ற பெண் படியேறி வந்தாள். பங்சாரில் ஒரு காப்பிக்கடை போடப் போகிறாள். அதில் ஒரு பெரிய ரெக்கார்ட் பிளேயர், நல்ல ஸ்பீக்கர். ஒவ்வொரு நாளும், அதே தேதியில் எந்தெந்த ஆண்டோ வெளிவந்த பழைய ராக் ரெக்கார்டுகளை வரிசையாகப் போடுவதுதான் அவள் யோசனை. திறப்பு நாளுக்கு மூன்று ரெக்கார்ட் தேர்ந்தெடுத்திருந்தாள். டிக்கெட் எல்லாம் விற்றுவிட்டது, போஸ்டர் மட்டும் அச்சுக்குப் போகவேண்டும். தேதியை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் ஆளாளுக்குப் போனை எடுத்துப் பார்ப்பீர்கள்.

மூன்றும் என்னிடம் இருந்தன. சிவப்புக் கதவு, வெள்ளிக்கிழமை, சரி. குடைக்காரன், அமெரிக்க ரெக்கார்ட், திங்கள், சரி. மூன்று படகுக்குக் காலண்டரை விரித்தேன். ஞாயிறு.

"இது இல்லம்மா. மாத்து," என்றேன்.

"அங்கிள், நான் மூணு வெப்சைட் பாத்துட்டேன். மூணுலயும் இதான் இருக்கு."

"மூணு பேரும் ஒருத்தன பாத்து எழுதியிருப்பான். ஞாயித்துக்கிழமை எவன் ரெக்கார்ட் விடுவான்? சர்ச்சுக்குப் போற நாள்."

"சும்மா லா அங்கிள்."

ஆறாம் நோட்டை எடுத்துப் போட்டேன். மூன்று படகு விளம்பரம், அதன் கீழே தேதி. அவள் சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முந்தி, வெள்ளிக்கிழமை. அவள் விளம்பரத்தைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லலேன்னா அன்னிக்கு நான் மைக் புடிச்சு தப்பா பேசியிருப்பேன்," என்றாள். "வர்றவங்க எல்லாம் பெரிய பெரிய கலெக்டர்ஸ் அங்கிள். கிழிச்சிருப்பாங்க."

"அதுக்குத்தான் நான் இருக்கேன்," என்றேன். மூன்றாவதற்கு என்ன செய்வது என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. முதல் நோட்டைப் புரட்டினேன். நாற்காலி மேல் நரி. அதே தேதி. ஐம்பது ஆண்டுகளாக அந்தத் தேதியிலேயே நான் வைத்திருக்கிற ரெக்கார்ட். கையில் கொடுத்தேன். "கண்ண மூடிக்கிட்டு போஸ்டர அடி," என்றேன். அவள் காலண்டர்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

4. நரி சனிக்கிழமை வந்தது

மறுநாள் கடை திறந்ததும் வந்துவிட்டாள். காப்பி தாப்பாவ் பண்ணி இரண்டு பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

"அங்கிள், கோவிச்சுக்காதீங்க. நரி சனிக்கிழமை."

"சனிக்கிழமை விட்டிருப்பான்."

"நேத்து என்ன சொன்னீங்க? லண்டன்காரன் வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமைன்னு பத்து தடவ சொன்னீங்க."

"பெரும்பாலும்னு சொன்னேன்."

"அப்ப மூணு படகும் பெரும்பாலும் சரியா?"

எனக்குக் கோபம் வந்தது. நான் இந்தத் தொழிலில் இறங்கும்போது உன் அப்பாவே பிறந்திருப்பாரா தெரியாது என்று சொன்னேன். அவள் காப்பியைக் குடித்தாள். நான் முதல் நோட்டைத் திறந்தேன், அவளுக்குக் காட்டி வாயை அடைக்கலாம் என்று. நேற்றுத் தேதியை மட்டும் பார்த்து மூடியிருந்தேன். இப்போது பார்த்தால் நரிக்கு விளம்பரம் ஒட்டியிருக்கவில்லை. பென்சிலில் என் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. அடுத்த பக்கமும் அப்படித்தான். அந்த நோட்டு முழுக்க ஒரு விளம்பரம்கூட இல்லை.

"கெழம பாத்து சொல்லும்மா," என்றேன். நான் தேதி படித்தேன், அவள் போனில் காலண்டரைப் பார்த்துக் கிழமை சொன்னாள். சனி. செவ்வாய். சனி. சனி. செவ்வாய். இருபது தேதிக்கு மேல் நான் படிக்கவில்லை.

துறைமுகத்திலிருந்து தவுக்கேயின் லோரி வருகிற நாள் செவ்வாயும் சனியும்.

முதல் இரண்டு ஆண்டுகள் எனக்கு லண்டன் பத்திரிகை கிடையாது. பெட்டியில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்த தேதிதான் எனக்குத் தேதி. ரெக்கார்ட் கிள்ளானுக்கு வந்தால்தான் எனக்கு அது வெளிவந்த மாதிரி. லண்டனில் அது மூன்று மாதத்துக்கு முன்னாலேயே வந்திருக்கலாம். பத்திரிகை கைக்கு வந்தபின் நான் புதிய நோட்டுப் போட்டேனே தவிர, பழைய நோட்டைத் திருத்தவில்லை. ஊரார் தேதியை எல்லாம் காலண்டரில் தட்டிப் பார்த்தவன், சொந்த நோட்டை ஒரு தடவைகூடத் தட்டிப் பார்த்ததில்லை. அந்த ஆசிரியரின் தம்பி தொடங்கி எத்தனை பேருக்கு லோரி வந்த நாளின் ரெக்கார்டைப் பிறந்தநாள் ரெக்கார்ட் என்று கொடுத்தேனோ, எனக்குத் தெரியாது.

"பரவால்ல அங்கிள். ரெண்டு ரெக்கார்டோட திறந்துக்கிறேன்," என்றாள்.

"மூணுன்னு டிக்கெட்ல போட்டியா இல்லியா?"

"போட்டேன்."

"அப்ப மூணு," என்றேன்.

5. எண் இல்லாத விளம்பரங்கள்

இரண்டாம் நோட்டிலிருந்து எட்டாம் நோட்டு வரை நான்கு நாள் பார்த்தோம். அவள் கடைக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலையை விட்டுவிட்டு என் கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். திறப்பு நாளின் தேதியில் வேறு எதுவும் கிடைக்கவில்லை. ஒன்பதாம் நோட்டை நான் எடுக்கவில்லை. அதில் தேதி இல்லாத விளம்பரங்கள்தான். படம் நன்றாக இருக்கிறதே என்று ஒட்டி வைத்தவை.

"தேதி இல்லேன்னு யார் சொன்னா?" என்று கேட்டாள்.

"நான் பாத்தேன். எண்ணு ஒண்ணும் கிடையாது."

அவள் வாங்கிப் புரட்டினாள். முதல் பக்கத்திலேயே நின்றாள். "அங்கிள், இதுல தேதி இருக்கு. எண்ணுல இல்ல, இங்கிலீஷ் எழுத்துல எழுதியிருக்கான்."

அவள் அதை வைத்துக் கிண்டல் பண்ணவில்லை. பக்கம் பக்கமாக வாசித்துச் சொன்னாள், நான் காலண்டரில் கிழமை பார்த்தேன். பாதி நோட்டு தாண்டி, கண்ணாடி யானை என்று நான் பெயர் வைத்த ரெக்கார்ட். அவள் தேதியை வாசித்தாள். திறப்பு நாள். நான் காலண்டரை விரித்தேன். வெள்ளிக்கிழமை. அவளிடம் சொல்லாமல் இன்னொரு தடவை பார்த்தேன். வெள்ளிதான்.

தேதி தெரியாத ரெக்கார்டுகளைப் போடுகிற பெட்டியில் கண்ணாடி யானை இரண்டு இருந்தன. நல்லதை அவளுக்குக் கொடுத்தேன்.

6. சுவரில் இருக்கும் அட்டை

திறப்பு நன்றாக நடந்தது. அம்பாங்கிலிருந்து வந்த ஒரு கலெக்டர் கையில் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேதியாகச் சோதித்தார். கண்ணாடி யானைக்கு வெப்சைட்டில் மாதம் மட்டும்தான் இருந்தது, நாள் இல்லை. ஷாலினி என் நோட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டினாள். அவர் எழுந்து வந்து அந்த நோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

பிறகு சுவரில் இருந்த அட்டையிடம் போனேன். அதிலிருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசித்தேன், இப்போது அந்த அளவுக்கு வரும், அவசரமில்லை. தேதி ஆய்வு, கடையின் குழு. அதன் கீழே சின்ன எழுத்தில் நன்றி, பிரிக்பீல்ட்ஸ் அங்கிள்.

"ஷாலினி, இது யாரு?"

"நீங்கதான் அங்கிள். எல்லாரும் உங்கள அப்படித்தானே கூப்பிடுறாங்க."

"பிரிக்பீல்ட்ஸ்ல எத்தன அங்கிள் இருக்கான் தெரியுமா? ரயில் ஸ்டேசன்ல நின்னு அங்கிள்னு கூப்பிடு, நாப்பது பேரு திரும்புவான்."

சிரித்துவிட்டு, அடுத்த தடவை அடிக்கும்போது மாற்றிவிடுகிறேன் என்றாள். நரியைப் பற்றி எங்கேயும் எழுதவில்லை, கவலைப்படாதீர்கள் என்றும் சொன்னாள். நல்ல மனது. ஆனால் மறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஐந்து மாதம் ஆகிறது. அட்டை அப்படியே இருக்கிறது.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு தேதியை எழுதினால், அது எங்கிருந்து கிடைத்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். விளம்பரமா, லோரியா, யாரோ சொன்னதா. அடுத்தவன் தேதியை எந்தக் காலண்டரில் தட்டிப் பார்க்கிறீர்களோ, அதிலேயே உங்கள் தேதியையும் தட்டிப் பாருங்கள். நான் இப்போது முதல் நோட்டை மறுபடியும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தேதி உறுதியாகாத ரெக்கார்டை எல்லாம் எடுத்ததில் அலமாரியில் பாதி அறை காலியாகிவிட்டது.

ஷாலினிக்கும் இதை எழுத்தில் சொல்கிறேன், பத்திரிகையில் வந்தால் தள்ளிப்போட முடியாது. அட்டையை மாற்றி அடிக்க வேண்டும். அங்கிள் வேண்டாம். ச. வீராசாமி என்று முழுப் பெயர் போட வேண்டும், பெரிய எழுத்தில். மூன்று படகின் ஞாயிற்றுக்கிழமையைக் கண்டுபிடித்தது வீராசாமி என்று போட வேண்டும். கண்ணாடி யானையை வெட்டி ஒட்டி வைத்தது வீராசாமி, வாசித்தது ஷாலினி என்று போட வேண்டும். நாற்காலி மேல் நரியைச் சனிக்கிழமையில் வைத்ததும் வீராசாமிதான், அதையும் போட வேண்டும். அந்த ஒன்பது நோட்டும் என்னுடையவை. அதில் சரியாக இருப்பதற்கும் தப்பாக இருப்பதற்கும் ஒரே பெயர்தான்.