வரி கேட்ட தெரு

யூனியன் போர்டில் தீயணைக்கிற பம்புக்கு ஆளாக இருப்பவனை ஊரே திட்டும். நெருப்பு ஒன்றுதான் திட்டாது. சர்க்கார் ஆபீஸ் வாசலில் எங்கேயாவது கைகட்டி நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிற்காதவர்கள் படித்து என்ன ஆகப்போகிறது?

காரைக்குடியிலிருந்து கல்லல் போகிற பாதையில் எங்கள் ஊர். பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் திடமாக இருக்கிறார்கள். பம்பு என்றால் மோட்டார் அல்ல. நாலு சக்கரம், இரண்டு பக்கமும் நீளக் கைப்பிடி. பக்கத்துக்கு நாலு பேர் நின்று ஏற்றி இறக்க வேண்டும். ஒரு குழாய் ஊருணிக்குள், இன்னொன்று நெருப்பைப் பார்த்து. அந்த இன்னொன்றைப் பிடிக்கிறவன் நான்.

கல்யாணத் தண்ணீர்

பம்பு நின்றது போர்டு பிரசிடெண்டு வீட்டு வண்டிக் கொட்டகையில். ஆபீசில் இடம் இல்லையாம். அவர் வீட்டுக்கு ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். இடத்துக்கென்ன பஞ்சம்?

அவர் மகளுக்குக் கல்யாணம். பங்குனி வெயில். மாப்பிள்ளை மோட்டாரில் வருகிறார், புழுதி கிளம்பக் கூடாது, வீட்டுக் கிணற்றில் குழாயை இறக்கிப் பம்பால் தெருவை நனை என்றார். “எங்கயாச்சும் தீப்பிடிச்சா என்னங்க செய்யிறது?” என்று கேட்டேன். பந்தல்காரன், சமையல்காரன் எல்லோர் முன்னாலும் சொன்னார்:

“கல்யாண வீட்டுல நல்ல வார்த்தை பேசுடா. இன்னைக்கு எங்குட்டும் பிடிக்காது.”

சூடான சாம்பல்

பிடித்தது. அன்றைக்கே, மத்தியானமே. கீழத்தெருவில்.

கீழத்தெரு முழுக்கப் பனையோலைக் கூரை, பதினோரு வீடு. ஊருணி அதன் முதுகில்தான் இருக்கிறது. தண்ணீர் அங்கே, பம்பு இங்கே, நடுவில் அரை மைல் மணல். கல்யாண வீட்டிலிருந்து ஆள் பிடித்து, இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஆறு வீடு தரையோடு தரை.

முதலில் எரிந்தது ராக்காயி வீடு. புருஷன் இல்லாதவள். கட்டட வேலையில் கல் சுமந்து தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்கிறவள். இரண்டு ஆடு கட்டியபடியே வெந்து கிடந்தன. அவள் அழவில்லை. என் குழாயில் அப்பியிருந்த கல்யாணச் சந்தனத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“வாங்கண்ணே. சாம்பல் சூடாத்தான் இருக்கு. அதையாவது நனைச்சிட்டுப் போங்க.”

வரி போடுங்கள்

அடுத்த திங்கட்கிழமை போர்டு ஆபீசுக்கு வந்தாள். பம்பை ஊருணிக் கரையில் கொண்டுவந்து வையுங்கள் என்றாள். ரைட்டர் தலையைத் தூக்காமலே, உங்கள் தெருவில் யாருக்காவது வோட்டு உண்டா என்றார். வரி கட்டுகிறவனுக்குத்தான் வோட்டு. ஓலைக் கூரைக்கு வரி கிடையாது. ஆகவே வோட்டும் கிடையாது, சொல்லும் கிடையாது. எரிகிற வீட்டுக்கு வாய் இல்லை, எரியாத வீட்டுக்கு உண்டு. இதைச் சட்டம் என்று அச்சடித்து வைத்திருந்தார்கள்.

“அப்ப எங்களுக்கும் வரி போடுங்க” என்றாள்.

ரைட்டர் சிரித்த சிரிப்பில் மைக்கூடு கவிழ்ந்தது. அவள் மறு திங்கள் வந்தாள். அதற்கு மறு திங்களும் வந்தாள். மனுக்களை நான்தான் எழுதிக் கொடுத்தேன். வரியைக் குறைக்கச் சொல்லும் மனு எங்கள் ஆபீசில் ஆறு மாதம் தூங்கும். இந்த மனு ஒரே கூட்டத்தில் பாஸ்! எரிந்து மறுபடி வேய்ந்த ஆறும் சேர்த்துப் பதினோரு வீட்டுக்கும் வரி, பதினோரு வோட்டு. ரசீதைக் கொடுக்கும்போது ரைட்டருக்கே மனசு கேட்கவில்லை. இருக்கிறவர்களே வரிக்கு ஒளிகிறார்கள், உனக்கு ஏனம்மா இந்த வேலை என்றார்.

“நாங்க அங்க குடியிருக்கோம்னு போர்டுக்கு வேற எப்பிடித்தான் சொல்றது?”

இரண்டு பேர் வந்தார்கள்

தேர்தல் வந்தது. கீழத்தெரு மண்ணை அதுவரை மிதிக்காத கால்கள் மிதித்தன. பிரசிடெண்டு மூக்கில் கைக்குட்டையோடு வந்து, ஜெயித்ததும் ஊருணிக் கரையில் பம்புக் கொட்டகை என்று சத்தியம் செய்தார். கல்யாணத் தண்ணீரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எதிர்த்து நின்றவர் அரிசி மண்டி வைத்திருந்தவர். நல்ல மனுஷர்தான், விவரம் பற்றாது. ஏழைகள் தலையில் அநியாய வரி, நான் வந்தால் முதல் கூட்டத்திலேயே எடுத்துவிடுவேன் என்று உரக்கப் பேசினார். தெரு கைதட்டும் என்று பார்த்தார். தெரு பதறிவிட்டது. ராக்காயி கும்பிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அய்யா, அலையா அலைஞ்சு வாங்குன வரிங்க. அதுல மட்டும் கை வச்சிராதீக!”

உன் பெட்டி எது?

தேர்தலன்று பள்ளிக்கூடத்தில் என்னை வாசலுக்கு நிறுத்தினார்கள். போர்டில் சும்மா இருக்கிறவன் பம்புக்காரன்தானே. எழுத்து தெரியாதவர்களுக்காகக் கலர்ப் பெட்டி. பிரசிடெண்டுக்கு மஞ்சள், மண்டிக்காரருக்குச் சிவப்பு. ரங்கூனில் கடை வைத்திருக்கிற ஒருவர் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருத்தன் வந்தான். அவரைக் கப்பலுக்கு அனுப்ப ரயிலேற்றிவிட்டவனே நான்தான். இவன் அவரில்லை என்று சொன்னேன். உன் வேலை வாசல் என்று அதிகாரி என்னை அடக்கினார். அவன் போட்டுவிட்டுப் போனான். போகும்போது எனக்கு ஒரு கும்பிடு வேறு.

பிறகு கூண்டு வண்டியில் ஒரு ஆச்சி வந்து இறங்கினார்கள். சொந்தப் பெயரில் வீடு, சொந்தப் பெயரில் வோட்டு. இரண்டு பெட்டியையும் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்கள். “நெருப்பை அணைக்கிறது நீதானேப்பா? உன் பெட்டி எங்குட்டு இருக்கு?” என்றார்கள். நான் நிற்கவில்லை ஆச்சி, நான் சம்பளக்காரன் என்றேன். ஆச்சி கையிலிருந்த சீட்டால் இரண்டு பெட்டியையும் சுட்டிக் காட்டினார்கள்.

“அப்ப இந்த நிக்கிறவுக ரெண்டு பேரும் என்னதாம்ப்பா செய்யிறாக?”

பூட்டு

பிரசிடெண்டே ஜெயித்தார். கீழத்தெருவின் பதினொன்றும் அவருக்குத்தான். சொன்ன சொல் தவறவில்லை, கொட்டகை கட்டினார். வாசலில் தன் பெயரைக் கல்லில் வெட்டிப் பதித்தார். கதவில் ஒரு உள்ளங்கை அகலப் பூட்டு. சாவியைக் கேட்டு நான் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவர் தன் இடுப்பில் முடிந்துகொண்டார்.

“போர்டுச் சொத்துடா. கண்டவன் கை வச்சா எவன் பதில் சொல்றது?”

ஆடிக் காற்று

ஆடி மாதம், பட்டப்பகல். அடுப்புப் பொறி ஒன்று போதும் அந்தக் காற்றுக்கு. கீழத்தெருக் கடைசி வீட்டில் பிடித்தது. நான் சாவிக்கு ஓடினேன். அரை மைல் மணல், இந்தத் தடவை பம்பு இல்லாமல் வெறுங்காலோடு. பிரசிடெண்டு வீட்டுக் கணக்குப்பிள்ளை வெற்றிலையைத் துப்பிவிட்டு, அவர் பட்டணம் போயிருக்கிறார், இடுப்பும் அவரோடு போயிருக்கிறது என்றார். அந்த ஆளை அடிக்காமல் திரும்பியதற்கு எனக்கு யாராவது மெடல் தந்திருக்க வேண்டும்.

திரும்பி வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. பூட்டு மண்ணில். பக்கத்தில் கடப்பாரை. பம்பை ஊருணிக்கு இழுத்துவிட்டார்கள். கைப்பிடியில் எட்டுப் பேர், அதில் ஐந்து பெண்கள். குழாயைப் பிடித்திருந்தவள் ராக்காயி. சேற்றுத் தண்ணீர் அவள் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு வீடு போயிற்று. ஒன்பது நின்றது.

“வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்காதீகண்ணே! இதைப் பிடிங்க, இது என்னைத் தூக்கி எறியுது!”

விசாரணை

பிரசிடெண்டு பட்டணத்திலிருந்து வந்தார். ஒன்பது வீடு தப்பியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பூட்டை உடைத்தது யார் என்று போர்டுக் கூட்டம் போட்டார். போலீசுக்கு எழுதப்போவதாகப் பேச்சு. கீழத்தெரு முழுக்க வராந்தாவில் வந்து நின்றது. ராக்காயி முன்னால், தலை சீவி, வெளுத்த சேலை கட்டி, வரி ரசீதைக் கையில் பிடித்தபடி.

மெம்பர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். அவளை ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். “நான்தான் உடைச்சேன்” என்றேன். விஷயம் அங்கேயே முடிந்தது. அன்றைக்கே என் சீட்டைக் கிழித்தார்கள். வெளியே காத்திருந்தவர்களை யாரும் உள்ளே கூப்பிடவே இல்லை.

வெளியே வந்தேன். அவள் கும்பிடுவாள், கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. எத்தனை வயதானாலும் ஆம்பிளைக்குப் புத்தி வராது. அவள் முகம் கருத்துப்போயிருந்தது. ரசீது கைக்குள் கசங்கியிருந்தது.

“உடைச்சவ நான். ஏன் உடைச்சேன்னு அவுக மூஞ்சிக்கு நேரா சொல்லணும்னுதான் விடிஞ்சதுலேருந்து நிக்கிறேன். அவுகதான் எங்களைப் பேச விடலை, நீங்களுமாண்ணே?”

வேலை போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் வாயை நானும் சேர்ந்து அடைத்தேனே, அந்த ஆத்திரத்தில்தான் இன்றைக்கும் வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுகிறேன்.